ஈரல் கேக்

பன்றி ஈரல் வேகிற வாடை அந்தத் தெருவில் எழுந்தால், தெல்மாவுக்கு யார் மேலோ கோபம் என்று அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மற்ற பெண்கள் கோபம் வந்தால் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவார்கள்; தெல்மா ஈரலை அரைப்பாள். முட்டை, மாவு, கொஞ்சம் பூண்டு எல்லாம் சேர்த்து அடுப்பில் வைத்துச் செங்கல் மாதிரி எடுத்து, ஆறியதும் நகத்தளவு துண்டுகளாக வெட்டி வைப்பாள். யார்க்‌ஷையரில் இந்தக் கீத்லி வட்டாரத்தில் நாய்க் காட்சிப் போட்டிக்குப் போகிறவர்கள் எல்லோரும் செய்கிற பண்டம்தான் இந்த ஈரல் கேக். போட்டி வளையத்துக்குள் நாயை நடத்தும்போது ஒரு துண்டைக் கையில் காட்டினால் நாய் தலையைத் தூக்கி ராஜநடை நடக்கும். தெல்மா அதைக் கன்னத்துக்குள்ளேயே அடக்கி வைத்துக்கொள்வாள். அவள் கேக்குக்காக யார்க்‌ஷையர் டெரியர் ஜாதி நாய் எழுந்து நின்று தோத்திரப் பாட்டே பாடும் என்று ஊரில் பேச்சு. யார் சொன்னது என்று விசாரித்துப் பார்த்தால், அநேகமாக தெல்மாதான்.

அன்றைக்குக் கோபம் தங்கை ஏவ்ரில் மேல். ஈரல் வாங்கப் போன இடத்தில் கறிக்கடைக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டிருந்தார்.

“ஏன் தெல்மா, உன் நாய்ங்களுக்குப் பொறவியிலேயே ஈரல் கோளாறாமே? நம்ம ஏவ்ரில் சொல்லிட்டுப் போச்சு.”

கடையில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அதில் இரண்டு பேர் தெல்மாவிடம் நாய்க்குட்டி வாங்கியவர்கள்.

“நம்ம ஏவ்ரிலுக்கு நாக்குதான் கோளாறு. அது பொறவியிலேயே வந்தது, அம்மாவுக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டாள்.

தெல்மாவின் நாய்கள் எல்லாவற்றுக்கும் பேருக்குப் பின்னால் ‘ரேவன்லீ’ என்று வரும். அது அவள் வைத்த பெயர். கணவன் இருந்த காலத்திலும், போன பிறகும், அவள் வாழ்க்கையில் வாடாமல் நின்ற ஒரே சங்கதி அந்தப் பெயர்தான். இப்போது அந்தப் பெயரைத் தாங்கி நிற்பவன் டியூக். அவன் முடி தரையில் புரளும். அது அழுக்காகாமல் இருக்கக் கற்றை கற்றையாகப் பிரித்து, காகிதத்தில் சுருட்டி, ரப்பர் வளையம் மாட்டி வைத்திருப்பாள். காட்சிக்கு முந்தின நாள் மட்டும் அவிழ்ப்பாள். தன் தலையை அவள் வாரிக்கொண்டதைவிட அவன் தலையை வாரிவிட்டதுதான் அதிகம்.

டியூக்குக்கும் அவள் வீட்டுப் பெட்டை நாய்க்கும் போன வருஷக் கடைசியில் பிறந்த குட்டிகளில் கடைசிக் குட்டி பட்டன். மூச்சே இல்லாமல்தான் விழுந்தது. தெல்மாதான் அதன் வாயில் வாய் வைத்து ஊதி, துண்டில் தேய்த்து, சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டிக் காப்பாற்றினாள். மற்றவை வளர்ந்து துள்ள, இது மட்டும் தேநீர்க் கோப்பைக்குள் உட்காருகிற அளவிலேயே நின்றுவிட்டது. காட்சிக்கும் ஆகாது, விற்கவும் முடியாது. அந்தச் சமயம் ஏவ்ரிலின் கணவன் இறந்து, அவள் தெருவின் மேட்டு முனையில் தனியாகக் கிடந்தாள். “வெச்சுக்கோ, உனக்கும் ஒரு துணை” என்று தர்மப் பிரபு மாதிரி கொடுத்துவிட்டு வந்தாள் தெல்மா. கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதாள் என்பது வேறு விஷயம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

சண்டை தொடங்கியது கறிக்கடைப் பேச்சுக்குச் சில வாரம் முன்னால், ஏவ்ரிலின் அடுப்படியில். ஏவ்ரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எதையும் சமையலறைக் கணக்கில்தான் விளக்குவாள்.

“கறி செரிக்கும்போது ஒரு விஷம் ஊறும். எனக்கும் ஊறும், உனக்கும் ஊறும். உனக்குக் கொஞ்சம் கூடவே ஊறும். ரத்தம் அதைக் கல்லீரலுக்குக் கொண்டு போகும், அது வடிகட்டி அனுப்பும். இவனுக்கு ஒரு ரத்தக் குழாய் கல்லீரலுக்குள்ள போகாமலே சுத்திக்கிட்டுப் போகுது. வடிகட்டாத விஷம் நேரா மூளைக்கு ஏறுது. அதனாலதான் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்துல கிறுக்குப் பிடிச்ச மாதிரி சுத்தறான். சுவத்துல தலையை முட்டிக்கிட்டு நிக்கறான். எச்சில் ஒழுகுது. கண்ணு தெரியறதில்ல.”

“யார் சொன்னா?”

“நாய் டாக்டர் ரோவன். சாப்பிடறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை ரத்தம் எடுத்தாங்க. படமும் எடுத்துப் பார்த்தாச்சு.”

“அந்தப் பொண்ணா? அவ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் நாய்க்குப் பிரசவம் பார்த்தவ. குட்டி சோனி, அவ்வளவுதான். நல்லா ஈரல் கேக் போட்டா நிமிர்ந்துடுவான்.”

“கறியே கூடாதுங்கறாங்க. ஈரல் ஆகவே ஆகாது. பெட்டியில வர்ற மருத்துவச் சாப்பாடு மட்டும்தான், கூட ஒரு இனிப்பு மருந்து. உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும் ஆபரேஷன். அந்தக் குழாயைச் சுத்தி ஒரு வளையம் போடுவாங்களாம். அது மெதுவா இறுகி அடைச்சுடுமாம். அப்புறம் ரத்தம் சரியான வழியில போகுமாம்.” ஏவ்ரில் கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். “இது வம்சத்துல வர்றதாம் தெல்மா. இவன் அப்பனையும் ஆத்தாளையும் இனிமே இனம் சேர்க்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாங்க.”

தெல்மா கோப்பையை வைத்த வேகத்தில் தட்டு விரிசல் விட்டது.

“என் டியூக்கையா?”

“டியூக்கைத்தான். வேற எந்த அப்பன் இருக்கான்?”

“வயித்தெரிச்சல்டீ உனக்கு. சின்ன வயசுலேர்ந்தே. நான் ஒரு கோப்பை ஜெயிச்சுட்டு வந்தா உன் மூஞ்சி தொங்கும்.”

“உன் வீட்டுல எதைப் பார்த்து நான் வயிறு எரியணும்? நாய் மூத்திர வாடையப் பார்த்தா? தலைமுடி சுருட்டற காகிதத்தப் பார்த்தா? என் மூஞ்சி தொங்குதுன்னா, உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத் தொங்கினது.”

“குட்டியத் திருப்பிக் குடு.”

“குடுத்தத எடுத்துக்கறதுக்கு இது என்ன பூந்தொட்டியா? வெளிய போ.”

அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. தெல்மா பொய் சொல்கிறவள் அல்ல. தனக்கு வேண்டாததை நம்பாதவள், அவ்வளவுதான். தன் மூச்சை ஊதி எழுப்பிய குட்டிக்குள் இப்படியொரு ஓட்டை இருக்கும் என்று அவள் நம்பத் தயாராக இல்லை. நம்பினால் டியூக் போனான். டியூக் போனால் ரேவன்லீ போயிற்று.

ஆனால் குட்டியை மறக்கவும் முடியவில்லை. ஒரு நாள் ஏவ்ரில் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து மேட்டு முனைக்கு ஏறினாள். கதவின் கீழ்ப்பாதியில் தபால்காரர் கடிதம் போடுகிற துவாரம். அதற்கு ஒரு பித்தளை மூடி. குனிந்து அதைத் தள்ளிப் பார்த்தாள். நடையில் பட்டன் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் கிண்ணத்தில் வெளுத்த களி மாதிரி ஏதோ பாதி தின்றபடி கிடந்தது. குட்டியின் விலா எலும்பு தெரிந்தது.

“படுபாவி, பட்டினி போட்டே கொல்றாளே” என்றாள் துவாரத்துக்குள்.

கோட்டுப் பையில் எப்போதும் ஈரல் கேக் இருக்கும். ஒரு பிடி எடுத்து உள்ளே போட்டாள். பட்டன் சாப்பிட்ட அழகைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் மேல் ஒரு பொடி மிச்சமில்லாமல் நக்கி எடுத்துவிட்டு, மூடி வழியாக அவள் விரலையும் நக்கியது.

அதற்குப் பிறகு ஏவ்ரில் வெளியே போகிற நேரமெல்லாம் தெல்மாவுக்குத் தெரிந்திருந்தது. பாட்டுக் குழு, கடை, கல்லறைக்குப் பூ வைக்கப் போவது. அவள் முக்குத் திரும்பினதும் இவள் மேடு ஏறுவாள். போடுவாள், பார்ப்பாள், இறங்கிவிடுவாள். பித்தளை மூடி கிளுக்கென்றால் பட்டன் ஓடி வரப் பழகிவிட்டது. பிறகு அவள் காலடி கேட்டாலே கதவோரம் வந்து உட்காரப் பழகியது. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் அவள் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அவள் கீழே தன் வீட்டில் டியூக்கின் முடியைச் சுருட்டிக்கொண்டிருப்பாள்.

கறிக்கடையில் மூக்குடைபட்ட அந்த வாரம்தான் இரண்டு பேரும் தெருவில் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டார்கள். ஏவ்ரிலின் கோட்டுக்குள்ளிருந்து பட்டனின் தலை மட்டும் தெரிந்தது. தெல்மாவைக் கண்டதும் அது உடம்பை நெளித்து முனகியது.

“பார், யார்கிட்ட வரணும்னு அதுக்குத் தெரியுது” என்றாள் தெல்மா. “ஊர் பூரா என் நாய் பேரைக் கெடுத்துட்டு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வர்றே?”

ஏவ்ரில் சண்டைக்கு வரவில்லை. அவள் கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. கோட்டுப் பொத்தானைத் தப்பான துளையில் போட்டிருந்தாள். தங்கை அப்படி வெளியே வந்து தெல்மா பார்த்ததே இல்லை.

“நேத்தும் வலிப்பு வந்துடுச்சு. ரெண்டு நாள் நல்லா இருக்கான், மறுபடி விழறான். டாக்டர் சொன்னதுல ஒரு சொட்டு பிசகாமத்தான் குடுக்கறேன். மருந்து, சாப்பாடு எல்லாம். வெள்ளிக்கிழமை கடைசியா ஒரு ரத்தப் பரிசோதனை. அப்பவும் கட்டுப்படலைன்னா ஆபரேஷன் பண்ண மாட்டாங்க. ஊசி போட்டு முடிச்சுடறதுதான் நல்லதும்பாங்க.” குட்டியின் தலையைக் கோட்டோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். “நான் என்ன தப்பு பண்றேன் தெல்மா? நீ இத்தனை நாய் வளர்த்தவதானே. சண்டையெல்லாம் இருக்கட்டும். என்ன தப்பு பண்றேன், சொல்லு.”

“பட்டினி போடற” என்றாள் தெல்மா. “அதான் நீ பண்ற தப்பு.”

ஏவ்ரில் அவளை ஒரு நொடி பார்த்துவிட்டு மேட்டில் ஏறிப் போய்விட்டாள்.

தெல்மாவுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இரக்கத்தால் அல்ல. வெள்ளிக்கிழமை இவர்கள் குட்டியைக் கொன்றுவிட்டு, ‘டியூக்கின் குட்டி ஈரல் நோயில் செத்தது’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள். ஸ்கிப்டன் பக்கத்து கிளிஃபர்ட் தன் பெட்டையை டியூக்குடன் சேர்க்கக் கொண்டு வருவதாக இருந்தார். கறிக்கடைப் பேச்சு காதில் விழுந்ததும் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று இழுக்க ஆரம்பித்திருந்தார். இதற்கெல்லாம் ஒரே பதில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. குட்டிக்கு ஒரு நாள் வயிறாரப் போட்டு, எல்லோர் கண் முன்னாலும் நடத்திக் காட்டிவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வசதியாக வந்து சேர்ந்தது. ஏவ்ரில் பேத்தியின் ஞானஸ்நானத்துக்காகத் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள். அவள் வீட்டு மாற்றுச் சாவி பழைய நல்ல காலத்திலிருந்தே தெல்மாவின் அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பேருந்து கிளம்பின சத்தம் அடங்கும் முன்னே பட்டன் தெல்மாவின் மடியில் இருந்தது.

காலையில் ஈரல் கேக். குளிப்பாட்டிவிட்டு ஈரல் கேக். உச்சி முடியைக் கூட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டி, அந்த அழகுக்கு ஒன்று. மதியம் கிண்ணம் நிறையப் போட்டாள். “சாப்பிடு ராஜா, உன் சித்திக்காரி மூஞ்சியில கரியப் பூசலாம்” என்றாள். பட்டன் துள்ளியது, டியூக்கின் வாலைப் பிடித்து இழுத்தது. எங்கே இருக்கிறது நோய்?

நாயை வளையத்தில் நடத்திப் பழக்குகிற வகுப்பு ஞாயிறு மதியங்களில் தொழிலாளர் மன்றக் கூடத்தில் நடக்கும். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுவில் ரப்பர் விரிப்புப் போட்டு, ஒரு மூலையில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கும். தெல்மா பட்டனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கிளிஃபர்ட் தேநீரோடு நின்றிருந்தார்.

“இதுதானா அந்த ஈரல் குட்டி?” என்றார்.

“இதுதான் அந்தச் சாகப்போற குட்டி. நல்லாப் பார்த்துக்கோ. வாயால பரப்பினவங்க எல்லாரும் கண்ணால பாருங்க” என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள் தெல்மா.

மேஜை மேல் நிறுத்தினாள். வகுப்பு நடத்துகிற அம்மாள் பல்லைப் பார்த்தாள், முதுகைத் தடவினாள், தலையசைத்தாள். பிறகு தெல்மா ஒரு துண்டு கேக்கைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விரிப்பில் இறங்கினாள். பட்டன் தலையைத் தூக்கி, சின்னக் கால்களால் தட் தட்டென்று அவள் பக்கத்தில் நடந்தது. ஒரு சுற்று. கிளிஃபர்ட்கூடத் தேநீரைக் கீழே வைத்தார். யாரோ கை தட்டினார்கள். தெல்மா கன்னத்திலிருந்த துண்டை எடுத்து அதன் வாயில் போட்டாள்.

இரண்டாவது சுற்றில் குட்டி அவளை விட்டு விலகியது. விலகி, தன்பாட்டுக்கு வட்டம் போட ஆரம்பித்தது. தெல்மா கயிற்றைச் சுண்டினாள், அது கவனிக்கவில்லை. சிறிய வட்டம், இன்னும் சிறிய வட்டம். ஒரு இடத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு நேராகப் போய் நாற்காலிக் காலில் முட்டியது. விலகத் தெரியாமல் சுவருக்குப் போய், நெற்றியைச் சுவரில் அழுத்திக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகி ரிப்பன் வரைக்கும் நனைந்தது.

“பட்டன்” என்றாள் தெல்மா. “பட்டன், இங்க பார்டா.” விரலை அதன் கண்ணுக்கு முன்னால் ஆட்டினாள். கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அடுத்த நிமிஷம் அது பக்கவாட்டில் விழுந்து நான்கு காலும் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது.

தெல்மாவின் மானம் அத்தனை பேர் முன்னால் கப்பலேறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை. தரையில் மண்டியிட்டு, பிறந்த அன்றைக்குச் செய்தது போலவே துண்டில் சுற்றி, “மூச்சு விடு, மூச்சு விடு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிளிஃபர்ட்தான் அவளைத் தூக்கி நிறுத்தி வண்டியில் ஏற்றினார். அவர்தான் ஏவ்ரிலுக்கும் போன் போட்டார்.

டாக்டர் ரோவன் விடுமுறை நாளில் ஸ்வெட்டரோடு வந்து மருத்துவமனையைத் திறந்தாள்.

“என்ன சாப்பிட்டான்?”

“ஈரல் கேக்” என்றாள் தெல்மா.

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குட்டியை உள்ளே எடுத்துப் போய், வலிப்பை நிறுத்தி, குடலைக் கழுவி, ஊசி ஏற்றி, நெடுநேரம் கழித்து வெளியே வந்தாள். அதற்குள் ஏவ்ரில் ஞானஸ்நானத் தொப்பியோடே வந்து சேர்ந்திருந்தாள். தெல்மா பக்கம் அவள் திரும்பவே இல்லை. அறையில் அப்படி ஒருத்தி இல்லாத மாதிரி நின்றாள்.

“வலிப்பு நின்னுடுச்சு” என்றாள் டாக்டர் ரோவன். “ஆனா உங்ககிட்ட ஒளிக்க விரும்பல, ஏவ்ரில். இன்னிக்கு நடந்தது ஈரலால. அது சரி. ஆனா இதுக்கு முன்னாடி வந்ததெல்லாம்? நீங்க சாப்பாடும் மருந்தும் இவ்வளவு ஒழுங்காக் குடுத்தும் வாராவாரம் விழறான். அப்படின்னா மருந்துக்கு அவன் உடம்பு கேக்கலன்னு அர்த்தம். இப்படிப்பட்ட குட்டி மயக்க மருந்தைத் தாங்காது. இன்னும் வதைக்கணுமான்னு யோசிங்க. இப்ப அரை மயக்கத்துல இருக்கான். இப்பவே முடிச்சா அவனுக்கு ஒண்ணும் தெரியாது.”

ஏவ்ரில் தொப்பியைக் கழற்றினாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள்.

“நான் ஒழுங்காத்தான் குடுத்தேன்” என்றாள் சின்னக் குரலில். “ஒரு வேளைகூடத் தப்பலை.”

“தெரியும்மா. உங்க தப்பு இல்ல.”

“சரி” என்றாள் ஏவ்ரில். “அவன் படறது போதும். நான் பக்கத்துல இருக்கலாமா?”

தெல்மா சுவரோரம் நின்றிருந்தாள். இன்றைக்குக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. பித்தளை மூடி சங்கதி உலகத்தில் இரண்டு உயிருக்குத்தான் தெரியும். அதில் ஒன்றுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊசி போட்டுவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், ஏதோ அவசரத்தில் ஒரு நாள் தப்புப் பண்ணிவிட்டாள் என்பதோடு போய்விடும். வாசலில் கிளிஃபர்ட் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். டாக்டர் உள்ளறைக் கதவைத் திறந்தாள்.

“அவன் உடம்பு கேக்கலன்னு இல்ல” என்றாள் தெல்மா.

யாருக்கும் புரியவில்லை.

“நான்தான் போட்டேன். ஒவ்வொரு தடவையும். தபால் துவாரம் வழியா. அவ வெளிய போறப்பல்லாம் போய் ஈரல் கேக் போட்டேன். கடைக்குப் போறப்ப, பாட்டுக்குப் போறப்ப, கல்லறைக்குப் போறப்ப. மருந்து வேலை செஞ்சிருக்கு. நான்தான் செய்ய விடல.” டாக்டர் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாள். “ஊசி போடாதீங்க. கறி இல்லாம அவனை ஒரு நாளும் நீங்க பார்க்கவே இல்ல. ஒரு தடவை பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.”

டாக்டர் கதவைப் பிடித்தபடியே நின்றாள். “எத்தனை நாளா?”

“உங்க சாப்பாடு ஆரம்பிச்சதுலேர்ந்தே.”

டாக்டர் கதவைத் திரும்பச் சாத்தினாள். “அப்ப இது வேற கணக்கு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “ரெண்டு வாரம் இங்கயே வெச்சுப் பார்க்கறேன். அப்புறம் பேசலாம்.” சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போய்விட்டாள்.

ஏவ்ரில் அக்காவைப் பார்த்தாள். கத்தியிருந்தால் தெல்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கத்தலுக்கு அவளிடம் பதில் கத்தல் எப்போதும் உண்டு.

“ராத்திரி ராத்திரி அவனை மடியில போட்டுக்கிட்டு நான் என்ன தப்பு பண்ணினேன்னு யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன்” என்றாள் ஏவ்ரில். “தெருவுல வெச்சு உங்கிட்டயே கேட்டேன். உங்கிட்டயே, தெல்மா.”

“பட்டினி கிடக்கான்னு நினைச்சேன்.”

“இல்ல. உன் டியூக் நல்லவனாகணும்னு நினைச்சே. அதுக்கு என் புள்ளயக் கொல்லப் பார்த்தே. சாவியக் குடு.”

தெல்மா சாவியைக் கொடுத்தாள். வாசலைத் தாண்டும்போது கிளிஃபர்டிடம், “உன் பெட்டைய வேற எங்கயாவது கூட்டிட்டுப் போ” என்றாள். அவர் “அப்பவே முடிவு பண்ணிட்டேன்” என்றார். வண்டியில் கொண்டுபோய் விடட்டுமா என்று அவர் கேட்கவும் இல்லை. அவள் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மற்றதெல்லாம் அவளுக்குக் கறிக்கடை வழியாகத்தான் வந்தது. கறியில்லாமல் வைத்துப் பார்த்ததில் பட்டனுக்கு ஒரு வலிப்பும் வரவில்லையாம். ஆபரேஷன் நடந்ததாம். வளையம் போட்டார்களாம். எடை கூடிவிட்டதாம், குரைக்கிறானாம். கறிக்கடைக்காரர் ஈரலை எடைபோடக் கை நீட்டினார்; தெல்மா வேண்டாம் என்று ஆட்டுக்கறி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள். அதே வாரம் டியூக்கைக் கொண்டு போய் விதை எடுத்துவிட்டாள், தாய் நாய்க்கும் அறுவை செய்துவிட்டாள். ரேவன்லீ என்ற பெயரில் இனிமேல் குட்டி பிறக்காது. டியூக்கின் முடியையும் கத்தரித்துவிட்டாள். கத்தரித்த முடி அடுப்படித் தரையெல்லாம் கிடக்க, அதன் நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு ஒரு மணி நேரம் அழுதாள்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் மேடு ஏறினாள். கையில் ஒன்றும் இல்லை. கோட்டுப் பையைத் துவைத்தே போட்டிருந்தாள். ஏவ்ரிலின் கதவில் பித்தளை மூடி இருந்த இடத்தில் ஒரு பலகை ஆணி அடித்து வைத்திருந்தது. கடிதங்களுக்கு வெளியே தனியாக ஒரு தகரப் பெட்டி.

“ஏவ்ரில்” என்று கூப்பிட்டாள். “டியூக்குக்கு இனிமே குட்டி பிறக்காம ஆபரேஷன் செஞ்சுட்டேன். சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

உள்ளே நகங்கள் தரையில் கிறீச்சிடுகிற சத்தம் ஓடி வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம், துவாரம் இருந்த உயரத்தில், மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு முனகல்.

“கேக்குதா?” என்றாள் ஏவ்ரில், கதவைத் திறக்காமலே. “உன் காலடி கேட்டா இப்படித்தான். வந்து உக்காந்துக்கறான். நீ கீழே தெருவுல நடந்து போனாலும் வந்து உக்காந்துக்கறான். கூப்பிட்டாலும் வர்றதில்ல, மருந்துக்கும் வர்றதில்ல. நீ போய் எவ்வளவோ நேரம் கழிச்சும் அங்கயே இருக்கான்.”

தெல்மாவின் கை தன்னால் போய்ப் பலகையில் உரசியது.

“தொடாத. அவன் உன்னை மறக்கணும். எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். இந்தத் தெரு வழியா நடக்காத.”

தெல்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தான் பிறந்த தெரு இது, தான் நடக்கக் கூடாது என்று சொல்ல இவள் யார் என்று கேட்கத்தான் வாய் வந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் முனகல் இன்னும் நிற்கவில்லை. அவள் காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரக் கல்லில் சத்தம் வராமல், வெறும் காலுறையோடு மேட்டிலிருந்து இறங்கினாள்.

அடுத்த நாளிலிருந்து கறிக்கடைக்குப் போனாலும் பேருந்துக்குப் போனாலும் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போகிறாள். அந்தச் சந்தில் விளக்கில்லை, குப்பைத் தொட்டிகள்தான் வரிசையாக நிற்கின்றன, மழை வந்தால் கணுக்கால் வரை சேறு. ஏன் இப்படிச் சுற்றுகிறாய் என்று யாராவது கேட்டால், “உன் வேலையப் பார்த்துக்கிட்டுப் போ” என்கிறாள்.